பாய் விரிக்கிற இடம் போதும், தங்கச்சி

"காலையில எந்திரிச்சதுலருந்து ஓடிக்கிட்டேதான் இருக்கேன். இதுக்கு மேல எக்சர்சைஸ் வேறயா?" தூத்துக்குடியில் எந்தத் தெருவில் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் வருகிற பதில் இதுதான். நீயும் கேட்பாய். அதனால் இதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வேலை உடம்பைக் களைக்க வைக்கும். களைப்பு வேறு, பலம் வேறு. முத்தையாபுரம் பக்கம் உப்பளங்களில் உப்புச் சுமக்கிற அக்காமாரைப் பார். அவர்கள் வெயிலில் தூக்குகிற பாரத்தை நம்மால் அரை நாள் தூக்க முடியாது. அப்படி உழைத்த உடம்புதான், வயது ஏற ஏற முழங்கால் வலி, கழுத்து வலி என்று மருந்துக்கடை வாசலில் நிற்கிறது. அதே தலைச்சுமை, அதே குனிதல், அதே நடை. நடுவில் போதிய ஓய்வும் இல்லை, தெம்பான சாப்பாடும் இல்லை. தசைக்குப் பலம் ஏறுவது பாரம் தூக்குகிற நேரத்தில் அல்ல. பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஓய்வும் சோறும் கொடுத்தால்தான் ஏறும். உன் வீட்டுக் குடம் பத்து வருஷமாக அதே குடம். உடம்பு அதற்குப் பழகி, அந்த அளவிலேயே நின்றுவிட்டது.

ரோச் பூங்காவில் நடக்கிறாயா, நல்லது, விடாதே. இதயத்துக்கு அது வேண்டும். ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே போகும் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நடையைத் தனியாக, தசைப் பயிற்சியைத் தனியாகத்தான் சொல்கிறது. வாரத்தில் குறைந்தது 2 நாள், உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும். தினமும் கேட்கவில்லை பார், 2 நாள்தான். முடிந்தால் 3 என்று வைத்துக்கொள். ஒரு நாள் செய்தால் மறுநாள் விட்டுவிடு.

இடமும் நேரமும்

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க முடிகிறதா? போதும். கோரைப்பாயை அப்படியே டைல்ஸ் தரையில் போடாதே, வழுக்கும். அடியில் ஈரத்துணியைப் பிழிந்து விரி, இல்லையென்றால் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடு. வெறுங்காலில் செய். கையை மேலே தூக்குகிற பயிற்சி என்றால் மின்விசிறி எட்டாத இடமாகப் பார்த்து நில். மாடி போர்ஷன் என்றால் குதிக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம். கீழ்வீட்டுக்காரருக்கும் நிம்மதி, உன் முழங்காலுக்கும் நிம்மதி. கர்லாக்கட்டை சுற்ற ஆசைப்பட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடு, அறைக்குள் ஆகாது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது. உடம்பு சூடு இறங்க நேரம் எடுக்கும். ஆகவே வெயில் ஏறும் முன்னாலோ, கடல் காற்று வந்து வீடு குளிர்ந்த பிறகோ செய். மத்தியானம் வேண்டவே வேண்டாம். முடித்ததும் மோரோ நீராகாரமோ குடி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் உப்பைக் கூட்டாதீர்கள்.

பொருள் வாங்குகிற அவசரம் வேண்டாம்

இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். முதல் 3 மாதத்துக்குக் காசு செலவழிக்காதே. இரும்பு டம்பெல் வாங்கிப் பால்கனியில் வைத்தால் உப்புக் காற்று அதைச் சும்மா விடாது, துரு உன் கையில் ஒட்டும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் வியர்வையைத் துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவி உள்ளறையில் வை. ரப்பர் பேண்டும் வெயில் பட்டால் வெடித்துப்போகும். இழுக்கும் முன்னால் நீட்டிப் பார், கீறல் கண்டால் தூக்கிப் போடு. முகத்தில் அடித்தால் கண் போய்விடும்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்த ஒரு கணக்குப் போதும். 2 லிட்டர் பாட்டில் 2 கிலோ. பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொள், அதில் ஒரு கிலோ உப்பு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போ. நம் ஊரில் உப்புக்கா பஞ்சம்? பாக்கெட்டைப் பிரிக்காமல், ஒரு பாலித்தீன் பையில் கட்டி வை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உப்பு நீர் விடும் என்று உனக்கே தெரியும். நடுவில் ஆடாமல் இருக்க ஒரு துண்டைச் சுற்றித் திணி. பையின் பட்டைத் தையலை முதலில் இழுத்துப் பார்த்துக்கொள். கூடுகிற எடை ஒரு கிலோ ஒரு கிலோவாக உன் கண்ணுக்குத் தெரியும், பிறகு அதையே சமையலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பழகுகிறேன் என்று மட்டும் இறங்காதே.

உட்கார்ந்து எழுவது

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. கையை ஊன்றாமல், 3 எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்கார், சட்டென்று எழு. முழங்கால் உள்ளே மடங்காமல் கால்விரல் நோக்கும் திசையிலேயே போகட்டும். 8 முறை செய்ய மூச்சு வாங்கினால் அது உன் அளவு. 15 சுலபமாக வந்துவிட்டால் நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல். அதுவும் சுலபமானால் பையை மார்போடு அணைத்துக்கொள். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: பின்காலின் புறங்காலைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு, முன்காலில் மட்டும் இறங்கி எழுவது. அந்த இடத்துக்கு வந்துவிட்டாய் என்றால் எந்த ஜிம்முக்கும் தலைநிமிர்ந்து போகலாம்.

முழங்கால் வலிக்கிறவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் அசையாமல் 20 விநாடி நிற்கலாம். வலி இல்லாத உயரம் எதுவோ அங்கேயே நில். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2023இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வெளியிட்ட கட்டுரையில், இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இப்படி அசையாமல் நிற்கிற பயிற்சிகள் முன்னணியில் இருந்தன. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதே. மாத்திரையோடு சேர்த்துச் செய், மருத்துவரிடமும் சொல்லிவிடு.

குனிந்து தூக்குவது

முதுகை வளைத்துத் தூக்குவதாலும் இடுப்புப் பிடிப்பு வரலாம். சுவருக்கு முதுகு காட்டி ஒரு அடி தள்ளி நில். முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை நேராக வைத்தபடி, பிட்டம் போய்ச் சுவரைத் தொடுகிற வரை இடுப்பைப் பின்னால் தள்ளு. தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரியாகச் செய்கிறாய். இது பழகிய பிறகு பையைக் கையில் பிடித்துக்கொண்டு செய். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, தூங்குகிற பிள்ளை எதைத் தூக்கினாலும் இதே அசைவுதான்.

கற்றுக்கொள்ள ஒரு நல்ல இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்களே, அதில் பெண்களும் இறங்குகிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் அங்கே உண்டு. தூக்குகிறவர் கல்லை முதலில் முழங்காலுக்குக் கொண்டுவருவார், பிறகு மார்புக்கு, அப்புறம்தான் தோளுக்கு. கல்லோடு உடம்பு ஒட்டியே இருக்கும். பாரம் உடம்பை விட்டு விலக விலகத்தான் இடுப்பில் பளு ஏறும். பெரிய கல்லுக்குப் பக்கத்திலேயே சின்னக் கற்களும் வரிசையாகக் கிடக்கும். யாரும் பெரிய கல்லில் ஆரம்பிப்பதில்லை.

தள்ளுவது

சுவரில் கை ஊன்றித் தண்டால். அது சுலபமானால் சமையல் மேடையில், பிறகு கட்டில் விளிம்பில், கடைசியில் தரையில். உடம்பு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு பாரம். முழங்கை உடம்பைவிட்டு அகலமாக விரிய வேண்டாம். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இழுப்பதுதான் முக்கியம்

வீட்டுப் பயிற்சி செய்கிறவர்கள் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். தள்ளுவதற்குச் சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது. இழுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நாம் பாத்திரம் கழுவுவதும், காய் நறுக்குவதும், கைபேசி பார்ப்பதும் எல்லாம் முன்பக்கம் கூனித்தான். முதுகின் மேல்பகுதிக்கு வேலையே இல்லை. தோள் முன்னால் விழுந்து கழுத்து வலிப்பது அதனால்தான்.

இந்தக் கடற்கரையோ இழுத்தே வாழ்ந்த கரை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குளித்தவரைத்தான் சொல்வார்கள். கல்லின் பாரத்தில் அவர் அடிக்குப் போய்விடுவார். அந்தக் கல்லையும் சிப்பிக் கூடையையும் திரும்பத் திரும்ப மேலே இழுத்தது படகில் கயிறு பிடித்து நின்றவரின் கையும் முதுகும். கரைவலை இழுப்பதை நீ பார்த்திருப்பாய். கையை மட்டும் நம்பி யாரும் இழுப்பதில்லை. குதிகாலை மணலில் பதித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, தோள்பட்டையைப் பின்னுக்குக் கொண்டுவந்து இழுப்பார்கள். நீ கற்க வேண்டியது அந்த இழுப்பு.

முதலில் பையை வைத்துச் செய். இடது கையைக் கட்டிலில் ஊன்று, முதுகு நேராக, வலது கையில் பையைத் தொங்கவிட்டு இடுப்புப் பக்கமாக இழு. தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வது உனக்குத் தெரிய வேண்டும். மேலே ஒரு விநாடி நிறுத்து, மெதுவாக இறக்கு. ஒவ்வொரு பக்கமும் 10.

அடுத்தது கதவு. பழைய பெட்ஷீட்டை முறுக்கி, ஒரு முனையில் பெரிய முடிச்சாகப் போடு. முடிச்சைக் கதவின் மேல் பக்கமாக அந்தப்புறம் போட்டுக் கதவைச் சாத்திப் பூட்டு. நீ நிற்க வேண்டியது, கதவைத் தள்ளித் திறக்கிற பக்கம். அப்போதுதான் நீ இழுக்க இழுக்கக் கதவு நிலையில் இன்னும் இறுகும். எதிர்ப்பக்கம் நின்றால் கதவு உன்மேல் வந்துவிடும். இப்போது துணியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, மார்பைக் கதவை நோக்கிக் கொண்டுபோ. காலை முன்னால் நகர்த்தினால் பாரம் கூடும், பின்னால் வைத்தால் குறையும். ஒன்றை மறக்காதே: நம் ஊர்க் கீல்களும் தாழ்ப்பாளும் துருப்பிடித்தவை. முதலில் பாதி பாரம் கொடுத்துச் சோதித்துப் பார். ஜன்னல் கம்பியை நம்பாதே, சுவருக்குள் அது எப்படி அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது. வராந்தாவில் சிமெண்ட் தூண் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. படகுக்கு வாங்கிய நைலான் கயிற்றில் மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து, தூணைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து இழு. கை அறுக்காமல் துணி சுற்றிக்கொள்.

தள்ளுகிற பயிற்சி 10 செய்தால் இழுக்கிற பயிற்சி 15 செய். அக்கா சொல்கிறதில் இந்த ஒன்றை மட்டும் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

சுமந்து நடப்பது

இரண்டு கட்டைப்பை, இரண்டிலும் தண்ணீர் பாட்டில். நிமிர்ந்து, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அடுத்த வாரம் ஒரு பக்கம் மட்டும் பாரம்; உடம்பு சாயாமல் நடப்பதுதான் வேலை. வயிற்றைச் சுற்றியுள்ள தசைகள் அத்தனையும் இதில் வேலை செய்யும். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில்தானே வைக்கிறாய்? நாளையிலிருந்து ஒரு நடை இடது, ஒரு நடை வலது.

எப்படிக் கூட்டுவது

ஒவ்வொரு பயிற்சியும் 2 சுற்று, பழகியதும் 3. நடுவில் ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் ஓய்வு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சுற்றை முடிக்கும்போது, "இன்னும் இரண்டு மூன்று முடியும், அதற்குமேல் முடியாது" என்கிற இடத்தில் நிற்க வேண்டும். சிரித்துப் பேசிக்கொண்டே முப்பது செய்தால் நேரம்தான் போகும்.

இவ்வளவு சின்ன எடையில் என்ன வந்துவிடும் என்று சந்தேகப்படாதே. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 இளைஞர்களை வைத்து 10 வாரம் செய்து பார்த்து, 2012இல் வெளியிட்டார்கள். ஒருவரால் அதிகபட்சம் தூக்க முடிந்ததில் 80 சதவீத எடை ஒரு பக்கம், வெறும் 30 சதவீத எடை இன்னொரு பக்கம். இரண்டையும் இனி முடியாது என்கிற வரை செய்தபோது தொடைத் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. ஒரே மூச்சில் பெரிய எடையைத் தூக்குகிற திறன் மட்டும் கனமான எடையில் கூடுதலாக வந்தது. நமக்குப் பதக்கம் வேண்டாம், தசை வேண்டும். பை போதும்.

சுவரில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில் தேதிக்குக் கீழே எழுது: எத்தனை முறை, எத்தனை கிலோ. எண்ணிக்கை 15ஐத் தொட்டதும் ஏதாவது ஒன்றைக் கடினமாக்கு. இறங்குகிற வேகத்தைக் குறை, இல்லை சாய்வைக் கூட்டு, இல்லை இன்னொரு உப்பு பாக்கெட் போடு. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கூட்டாதே. பனிமய மாதா திருவிழா, கல்யாண வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஆரம்பி. விட்டது விட்டதுதான் என்று காலண்டரை மூடிவிடாதே.

மீனையும் எடுத்து வை

ஏட்டி, இதைக் கவனமாகக் கேள். நம் வீடுகளில் மீன் துண்டு வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் போகும், கடைசியில் உட்கார்கிற நமக்குக் குழம்பும் சோறும். குழம்பிலிருந்து தசை வளராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரைப்பது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ எடை என்றால் நாளைக்குச் சுமார் 46 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் வந்துவிடும், ஒரு முட்டையில் 6. விலை அதிகமான மீன்தான் வேண்டும் என்பதில்லை. சாளையும் நெத்திலியும் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. மீன் இல்லாத நாளில் அவித்த பாசிப்பயறு ஒரு கிண்ணம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, தயிர். கருவாட்டிலும் புரதம் நிறைய உண்டு, ஆனால் உப்பும் நிறைய. அழுத்தம் இருக்கிறவர்கள் அளவோடு. பரிமாறும்போதே உன் தட்டுக்கு ஒரு துண்டு எடுத்து மூடி வைத்துவிடு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் சோம்பல் என்று நினைத்து உன்னையே திட்டிக்கொள்ளாதே. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டே மெதுவாகத் தொடங்கு.

எப்போது நிறுத்துவது

தசை எரிவதும் மறுநாள் வலிப்பதும் சரி. மூட்டுக்குள் குத்துகிற வலி, காலில் இறங்குகிற மரமரப்பு, நெஞ்சில் அழுத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காதே. மூச்சடக்குவது கடலுக்கு அடியில் குளிப்பவருக்கு. நமக்குத் தூக்கும்போது வெளியே, இறக்கும்போது உள்ளே. பிரசவம் முடிந்தவர்கள், சிசேரியன் ஆனவர்கள், அடியிறக்கம் அல்லது குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இருமும்போது சிறுநீர் கசிந்தால் அதைச் சொல்லவும் கூச்சப்படாதே, அதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது.

அம்மாவையும் சேர்த்துக்கொள்

வயதானவர்களுக்கு இது நம்மைவிட அவசரம். கழிப்பறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசைப் பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியும் வாரத்தில் 3 நாள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மாவின் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்லச் சொல். பிறகு, கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து எழச் செய். முதலில் கையை ஊன்றித்தான் எழுவார்கள், எழட்டும். 5 முறை போதும். அடுத்து சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை, ஒற்றைக்காலில் 10 விநாடி. நீ பக்கத்தில் நில், பிடிக்காதே. விழப் பார்த்தால் மட்டும் பிடி. சேலை தடுக்கும், நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிவிடு. இரண்டு வாரம் போனதும் மேடையை இரண்டு கையால் பிடிப்பதை ஒரு கையாக்கு, அதற்குப் பிறகு ஒரு விரலாக்கு.